ரேடியேட்டரில் மஞ்சள்

காரின் அடியிலிருந்து ஒழுகிய தண்ணீரை மெக்கானிக் ரியாஸ் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் பிடித்தார். பச்சையாக வர வேண்டிய தண்ணீர் அது. கூலண்ட் என்று பெயர். கடையில் வாங்கும்போது கிளிப்பச்சையாக இருக்கும். என்ஜின் கொதித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. டப்பாவில் விழுந்ததோ பருப்பு வெந்த தண்ணீர்போல இருந்தது. அடியில் வண்டல் வேறு.

ரியாஸ் இரண்டு விரலால் அந்த வண்டலை எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார். நானும் குனிந்து முகர்ந்தேன். இனிப்பும் துருவும் கலந்த வாடை. அதற்குக் கீழே, எனக்கு மிக நன்றாகத் தெரிந்த இன்னொரு வாடை.

"யாரோ அரிஷின ஹாக்கித்தாரெ மேடம்," என்றார்.

யாரோ மஞ்சள் போட்டிருக்கிறார்கள்.

என் இடுப்பில் இருந்த மகள் ஜெனி அவருடைய மஞ்சள் விரலைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அவளை மறுபக்கம் மாற்றிக்கொண்டேன். அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று தோன்றியது. அதுதான் சரியாக இருக்கும்.

போன வாரம் இந்தத் தொடரில் ஜெனிக்குப் பல் முளைத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'உங்கள் வீட்டில் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களா' என்று கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று நிறைய யோசித்தேன். நல்லவர்கள்தான். ஆனால் நல்லவர்கள் இருக்கும் வீட்டிலும் பயம் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

முள்

ஆல்பர்ட் என் கணவர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறார். கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். கல்யாணத்துக்கு முன்பு அவர் வாங்கிய கார் இது; அப்போதே வேறொருவர் ஓட்டி அலுத்த கார். இடது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. பெரிய மழை பெய்தால் ஹாரன் தானாக அடிக்கும். ஜெனி பிறந்த பிறகு இந்தக் கார் என் பொறுப்புக்கு வந்தது. தடுப்பூசிக்குப் போக, நான் கணக்கு சொல்லித் தரும் பள்ளிக்கூடத்துக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக.

ஓட்டும்போது நான் சாலையைவிட டாஷ்போர்டைத்தான் அதிகம் பார்ப்பேன். அது தவறு என்று தெரியும். தெரிந்ததால் இன்னும் பதற்றமாக ஓட்டுவேன்.

ஒரு காலை, சிக்னலில் நிற்கும்போது வெப்பம் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே போனது. ஏ.சி.யை நிறுத்தினேன். ஜன்னலைத் திறந்தேன். பின் சீட்டில் ஜெனி கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வண்டி தீப்பிடித்தால் முதலில் அவள் பெல்ட்டைக் கழற்றுவதா, கதவைத் திறப்பதா, அந்தப் பக்கக் கதவுதான் உள்ளேயிருந்து திறக்காதே என்று என் மனம் ஒத்திகை பார்த்தது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பச்சை விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, என்ஜின் ஆறிய பிறகு பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கூலண்ட் பாட்டிலில் பாதிகூட இல்லை. ஊற்றி நிரப்பினேன். சில நாளில் மறுபடி இறங்கியது. மறுபடி ஊற்றினேன்.

ஒழுகினால் தரையில் தெரிய வேண்டும் அல்லவா? இரவில் காருக்கு அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தாள் காய்ந்து கிடக்கும். பூனைக் காலடி மட்டும் இருக்கும். குனிந்து, மொபைல் விளக்கை அடித்து, ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

என் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்; அத்தை என்று கூப்பிடுவேன். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஜெனி டயப்பரக்கூட இவ்ளோ தடவ பாக்கலடி நீ," என்றார்.

மைசூரில் அக்ரஹாரம் பகுதியிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் ரியாஸின் ஷெட் இருக்கிறது. ஷெட் அவருடைய அண்ணனுடையது, வேலையெல்லாம் ரியாஸ். எங்கள் அடுக்குமாடியில் பாதி வண்டிகள் அங்கேதான் போகும். எல்லோரையும் அனுப்பி வைத்தது ஆல்பர்ட்.

முதல் தடவை போனபோது ரியாஸ் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இரண்டாம் தடவை ஒரு ரப்பர் குழாயையும் அதன் பட்டையையும் மாற்றினார். இரண்டும் பழசுதான், மாற்ற வேண்டியவைதான். ஆனால் தண்ணீர் குறைவது நிற்கவில்லை.

"சூடானா மட்டும் ஒழுகுது மேடம். ஒழுகினது அந்தச் சூட்டுலயே ஆவியாப் போயிடுது. ஆறினா வாய மூடிக்குது," என்றார். பிறகு அண்ணன் பக்கம் கண்ணைக் காட்டிக் குரலைத் தாழ்த்தி, "நம்ம அண்ணன் மாதிரி. கோபம் வந்தா கக்குவாரு. அப்புறம் ஒண்ணுமே நடக்கலன்னு உக்காந்திருப்பாரு."

மூன்றாம் தடவைதான் அடியில் இருக்கும் திருகைத் திறந்து பெயிண்ட் டப்பாவை வைத்தார்.

அப்பா காரில் போனது

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா கொள்ளேகாலில் இருக்கிறார். ஹனூர் பக்கத்துப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட வேனுக்கு டிரைவர் வராத நாளில் வேனையும் அவரே ஓட்டுவார். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் அடுத்த தெருவில் போகிறவர்கள்கூட ஒரு கணம் நேராக நிற்பார்கள் என்று சொல்வார்கள். அம்மா போன பிறகும் அந்த முதுகு வளையவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் வளையும். நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்க மாட்டார். இரவு தங்கச் சொன்னால் கடைசி பஸ் நேரத்தைச் சொல்வார். மருமகனை 'மாப்ள' என்பார், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். ஆல்பர்ட் பாவம், "மாமா, எனக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை," என்று நெளிவார். யாரும் அவரைப் பயமுறுத்தியதில்லை. பெண்ணைக் கொடுத்தவர் என்ற எண்ணம்தான் அவரை நாற்காலி நுனியில் உட்கார வைத்தது.

சில மாதங்களுக்கு முன்பு, குண்டலுபேட்டை தாண்டி ஒரு ஊரில் என் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று அப்பா முந்தின நாளே மைசூர் வந்திருந்தார். காலையில் ஜெனிக்குக் காய்ச்சல். நாங்கள் போக முடியவில்லை.

"நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்கப்பா," என்றேன்.

"வேண்டாங் கண்ணு. பஸ்ல போயிக்கறேன்."

"எடுத்துட்டுப் போங்க மாமா, சும்மாதானே நிக்குது," என்று ஆல்பர்ட்டும் சொன்னார்.

"இல்லீங்க மாப்ள. பஸ் நெறைய இருக்குதுங்க."

நான் விடவில்லை. சாவியை அவர் சட்டைப் பையில் நானே போட்டேன். அவருக்கு வசதி என்பதற்காக மட்டும் அல்ல. என் கல்யாணத்தின்போது சித்தப்பா வீட்டு ஆள் ஒருவர், 'மகள மைசூர்ல குடுத்தும் இவன் இன்னும் பஸ்ஸுக்குத்தான் கை காட்டறான்' என்று சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அவர்கள் வாசலில் அப்பா காரிலிருந்து இறங்க வேண்டும். கதவைச் சாத்தும் சத்தம் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும். அதைத்தான் நினைத்துக்கொண்டு சாவியைப் போட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். காரைப் பார்த்து ஆல்பர்ட் சிரித்துவிட்டார். அவ்வளவு சுத்தமாக இருந்தது. கழுவி, மிதியடியை உதறி, பெட்ரோலும் போட்டிருந்தார். இரண்டு கையாலும் சாவியை நீட்டினார்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்று ஆல்பர்ட் கேட்டார்.

"ஆச்சுங்க மாப்ள. வண்டி நல்லா ஓடுதுங்க."

அவர் நகக்கண்களில் மஞ்சள் ஏறியிருந்தது. "என்னங்கப்பா கையில?" என்று கேட்டேன். "விசேஷ வீட்டுச் சாப்பாடு கண்ணு," என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

ஷெட்டில் ரியாஸின் விரலை முகர்ந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த நகங்கள்தான். வந்ததும் தள்ளிவிட்டேன்.

கடைசியாக யார் கையில் இருந்தது

ரேடியேட்டரைக் கழற்றி ரியாஸ் வெளிச்சத்தில் காட்டினார். கீழ் மூலையில் ஒரு நசுங்கல். அதிலிருந்து கண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல மெல்லிய மஞ்சள் தடம். இதற்கு முன்பும் அந்தத் தடத்தை நான் பார்த்திருக்கிறேன். துரு என்று நினைத்திருந்தேன்.

"கல்லு அடிச்சிருக்கு. ஓட்டைய அடைக்க யாரோ மஞ்சள் கரைச்சு ஊத்தியிருக்காங்க. பழைய வைத்தியம். கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் விட்டுடும்."

ஆல்பர்ட்டுக்குப் போன் செய்து சொன்னேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆல்பர்ட் நேராக ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் இறுகியிருந்தது.

"நீ எங்கயாவது இடிச்சியா கவி?"

"இல்ல."

"நானும் இடிக்கல. மஞ்சள் நீ போட்டியா, நான் போட்டேனா? எங்க வேலைல ஒரு பீஸ் கெட்டுப் போச்சுன்னா, கடைசியா யார் கையில இருந்ததுன்னுதான் பாப்போம். இது ரெண்டு தடவ அவன் ஷெட்ல நின்னுருக்கு. ஜாக்கி வெக்கும்போது நசுக்கிட்டான். மறைக்க மஞ்சளக் கொட்டிட்டான். இப்ப அவனே கண்டுபிடிச்ச மாதிரி காட்டறான்."

"அவர் போட்டிருந்தா என் மூக்குக்கு நேரா ஏன் காட்டணும்?"

"அதையேதான் அவனும் கேட்டான். அவன் அண்ணன் முன்னாலயே சொல்லிட்டேன், இனிமே எங்க வண்டி இங்க வராதுன்னு."

ஆல்பர்ட் கத்துகிறவர் இல்லை. மெதுவாகத்தான் சொல்லியிருப்பார். மெதுவாகச் சொன்னால் கேட்கிறவர்கள் இன்னும் நம்புவார்கள்.

"ஃப்ளாட்ல எல்லாருக்கும் சொல்லிடு. நாளைக்கு அவங்க வந்து நம்மளத்தானே கேப்பாங்க," என்றார் அத்தை. குடியிருப்போர் குழுவில் போடுவதற்கு ஆல்பர்ட் மொபைலில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். யோசித்து யோசித்து, யார் மனமும் நோகாத வார்த்தைகளைத் தேடினார். சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம் என்று மேசையில் வைத்தார்.

நான் துணி உலர்த்துகிற பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு கண்ணு. குட்டி என்ன பண்றா?"

"விளையாடறா. ஏங்கப்பா, ரேடியேட்டர்ல மஞ்சத்தூள் போட்டா என்னாகும்?"

அவர் வீட்டில் டிவியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றது.

"ஓட்டை அடைபடும்," என்றார். பிறகு, "மறுபடி ஒழுகுதா?"

"ம்."

"குட்டியக் கூட்டிக்கிட்டு அந்த வண்டிலயா போய்ட்டு வந்தே?"

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"மாப்ளைக்குத் தெரியுமா கண்ணு?"

நிச்சயதார்த்தத்துக்குப் போன அன்று, அந்த ஊருக்குப் பிரியும் மண்பாதையில் கல் அடித்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில் ஆவி கிளம்பியிருக்கிறது. பெட்டிக்கடை வரை நடந்து போய் மஞ்சள்தூள் வாங்கி, என்ஜின் ஆறும்வரை வெயிலில் நின்று, கரைத்து ஊற்றியிருக்கிறார். மோதிரம் மாற்றி முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தார்.

"வண்டிய ஊருக்கு வெளியவே நிறுத்திட்டு நடந்துதான் போனேன். பொகை வர்ற வண்டிய அவுங்க முன்னால கொண்டு போய் நிறுத்தச் சொல்றியா?"

நான் கேட்க ஆசைப்பட்ட அந்தக் கதவுச் சத்தம் அந்த வாசலில் கேட்கவே இல்லை.

"அடைஞ்சிருச்சுன்னுதான் நெனச்சேன் கண்ணு. வர்ற வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், சொட்டுக்கூட இல்ல. சொல்லிடலாம்னுதான் சாவிய நீட்டினேன். மாப்ள சாப்பிட்டீங்களா மாமான்னு கேட்டாரு. வாயே வரல. நாளைக்கு வந்து நானே சொல்லிடறேன்."

"வேண்டாங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

"கண்ணு…"

"வேண்டாங்கப்பா."

உள்ளே அத்தை தட்டுகளை வைக்கும் சத்தம் கேட்டது. அப்பாதான் என்று தெரிந்தால் அத்தை என்ன சொல்வார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் ஆல்பர்ட் மொபைலைக் கையில் எடுத்தபோது, "நான்தான் போட்டேன்," என்றேன்.

"என்னத்த?"

"மஞ்சள். வீடியோல பாத்தேன். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லல. ஸ்பீட் பிரேக்கர்ல ஒரு தடவ அடியில தட்டிச்சு. அதுலதான் நசுங்கியிருக்கும்."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஆல்பர்ட் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"தாளிச்சியா இல்லையா?" என்றார் அத்தை.

எழுதி வைத்ததை ஆல்பர்ட் அழித்தார். "ஆய்த்து பிடு," என்றார், முடிந்தது விடு என்று. சிரித்துக்கொண்டே ரியாஸுக்கும் போன் செய்து சொல்லிவிட்டார்.

அப்படி யாரும் இல்லை

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று அப்பாவிடம் கேட்டபோது, "எம்பேரப் போடாத கண்ணு. மத்தபடி எழுது. உன்னோட பங்கையும் எழுதிடு," என்றார். அதனால் எழுதுகிறேன்.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனேன். வேறு ரேடியேட்டர் மாட்டியிருந்தது. ரியாஸ் சாவியை உடனே தரவில்லை.

"சார் போன்ல நல்லா சிரிச்சாரு," என்றார். அவர் சிரிக்கவில்லை. "மேடம், இது நீங்க போட்டது இல்ல."

"ஏன், நான்தான்."

"உங்களுக்கு ரேடியேட்டர் மூடியத் தெறக்கவே தெரியாது. போன வாட்டி நான்தான் தெறந்தேன். இது பழைய வண்டி ஓட்டின ஆள் யாரோ செஞ்சது. டிரைவர் யாராவது வெச்சிருந்தீங்களா?"

"இல்ல."

"வேற யாராவது ஓட்டினாங்களா? நான் யார்கிட்டயும் சண்டைக்குப் போக மாட்டேன். நேத்து சார் பேசினப்போ அண்ணன் இங்கதான் இருந்தாரு. காலைலேர்ந்து என்கூடச் சரியாப் பேசல. மேடம் போட்டாங்களாம்னு சொன்னா, உனக்காகப் பாவம் பாத்துச் சொல்றாங்கன்னு சொல்றாரு. ஒரு ஆள் பேரு சொன்னீங்கன்னா போதும்."

ஷெட்டுக்கு உள்ளே அவருடைய அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்ல அப்படி யாரும் இல்ல," என்றேன்.

ரியாஸ் சாவியைக் கொடுத்தார். வீடு வரும்வரை முள் நடுவிலேயே நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் அப்பா போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்தபோது வாசலில் நின்றிருந்தார். கையில் பலகாரப் பை. என் கண்ணைப் பார்த்தார். நான், 'இல்லை' என்பதுபோல, தலையை அசைத்தேன். சொல்ல வேண்டாம் என்று அர்த்தம். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டின்போது ஆல்பர்ட் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"மாமா, உங்க பொண்ணுக்கு பி.எட். பட்டம் குடுத்தவங்களக் கூப்பிட்டுக் கேக்கணும். ரேடியேட்டர்ல மஞ்சளக் கரைச்சு ஊத்தியிருக்கா. வீடியோ பாத்தாளாம்."

"நல்லவேளை உப்பு போடல," என்றார் அத்தை.

அப்பாவின் கை தட்டில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் ஜெனியின் கிண்ணத்தில் சோற்றை மசித்துக்கொண்டிருந்தேன். மசிக்க வேண்டியது எப்போதோ முடிந்திருந்தது.

"அது கவி இல்லீங்க மாப்ள," என்றார் அப்பா.

"அவளே சொன்னா மாமா."

"நானுங்க. குண்டலுபேட்டைக்குப் போனேனில்லீங்களா, அன்னிக்குக் கல்லுல ஏத்திட்டேன். மஞ்சப் போட்டது நான்தானுங்க."

ஆல்பர்ட்டின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது, சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றும் மின்விசிறிபோல. பிறகு நின்றது.

"ஏன் மாமா சொல்லல?"

அப்பா தட்டையே பார்த்தார்.

"நான் உங்கள என்ன பண்ணிடுவேன்னு நெனச்சீங்க?"

அப்பாவிடம்தான் கேட்டார். ஆனால் பார்த்தது என்னை.

"நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்க மாப்ள," என்றார் அப்பா. "பரவால்ல மாமான்னு சொல்லியிருப்பீங்க. அதக் கேட்டுட்டு, அடுத்த வாட்டி எந்த மொகத்தோட இங்க வந்து உக்காருவேனுங்க?"

ஜெனி கிண்ணத்தைத் தட்டினாள். அத்தை அப்பாவின் தட்டில், அவர் கேட்காமலேயே, இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "மொதல்ல சாப்பிடுங்க, ஆறுது," என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நான் அந்த ஆள அவன் அண்ணன் முன்னாலயே திருடன் மாதிரிப் பேசிட்டேன் மாமா," என்றார் ஆல்பர்ட்.

அப்பா நிமிர்ந்தார். இந்தப் பகுதி அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை. ஆல்பர்ட் சொல்லச் சொல்ல அப்பாவின் முதுகு நேரானது. மைதானத்தில் நின்ற அந்த முதுகு.

"அந்தக் கட இன்னிக்குத் தெறந்திருக்குங்களா?"

"வெள்ளிக்கிழமைதான் லீவு. இருக்கும்."

"கை கழுவிட்டு வந்தர்றேனுங்க."

ஆல்பர்ட் ஓட்டினார். அப்பா முன்னால் உட்கார்ந்தார். நானும் ஜெனியும் பின்னால். 'நீ எதுக்கு' என்று யாராவது கேட்பார்கள், அப்போது இறங்கிக்கொள்ளலாம் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. யாரும் கேட்கவில்லை.

ஷெட்டில் அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள். ஆல்பர்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரியாஸ், நன்துதான் தப்பு," தப்பு என்னுடையதுதான் என்று, கன்னடமும் தமிழுமாக ஆரம்பித்தார். ரியாஸ் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இவரு?"

"எங்க அப்பா," என்றேன். "யாராவது ஓட்டினாங்களான்னு நீங்க கேட்டீங்கல்ல. இவங்கதான் ஓட்டினாங்க. நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

ரியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா அவரைத் தாண்டி நேராக அண்ணனிடம் போனார்.

"மஞ்சப் போட்டது நானுங்க. உங்க தம்பி கண்டுபிடிச்சதோட சரி. அவரு மேல ஒண்ணுமில்லீங்க."

அண்ணனுக்குத் தமிழ் எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, அண்ணன் காதில் விழும்படி, அப்பாவிடம் திரும்பி, "எத்தனை பாக்கெட் சார்?" என்றார்.

"ரெண்டுங்க."

"ஒண்ணு போதும் சார். ரெண்டாவதுதான் உள்ள போயி என் உயிர வாங்கிச்சு."

"பொகையப் பாத்ததும் பயந்துட்டேனுங்க," என்றார் அப்பா.

அண்ணன் அப்போதுதான் சிரித்தார். ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளி அப்பாவுக்குப் போட்டார். எதிர்க்கடையைப் பார்த்துக் கை காட்டினார். டீ வந்தது. அப்பாவுக்கு ஒன்று, ஆல்பர்ட்டுக்கு ஒன்று, அண்ணன் தம்பிக்கு ஒவ்வொன்று. ரியாஸ் ஒரு பிஸ்கட்டைப் பிட்டு ஜெனி கையில் கொடுத்து அவள் கன்னத்தைத் தட்டினார்.

என்னைக் கேட்கவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, ஜெனியை இடுப்பில் வைத்தபடி, அவர்கள் குடித்து முடிக்கும்வரை காரின் அருகிலேயே நின்றேன்.